பொருள்: ஆப்ஷன் ரோம் – தமிழில் என்ன சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

பழைய கணினியில் கூடுதல் வன்தட்டைச் சேர்த்து அதிலிருந்தே தொடங்க வைக்கும் கையேட்டின் வரைவில், ஆப்ஷன் ரோமை, அதாவது கூடுதல் கருவியை இயக்கும் நிரலைக் கொண்ட நிலையான நினைவகத்தை, ‘விருப்ப ரோம்’ என்று போட்டிருக்கிறோம். வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். நடப்பது நேர்மாறு. ஐபிஎம் பிசி 5150-இன் தாய்ப்பலகை பயாஸுக்கு (கணினியைத் தொடங்கிவைக்கும் நிரல்) ஃபிளாப்பியும் கேசட்டும்தான் தெரியும். வன்தட்டைப் படிக்கும் நிரல் கன்ட்ரோலர் அட்டையின் ரோமில் இருக்கிறது. ஜம்பர் (அட்டையிலுள்ள சிறு இணைப்பான்) மாறி அந்த ரோம் அணைந்திருந்தால் தட்டு பாட்டுக்குச் சுழலும், கணினி அதைக் கண்டுகொள்ளாது. ஃபிளாப்பியும் இல்லையென்றால் நேரே ரோமிலுள்ள பேசிக் நிரல்மொழியில் போய் நிற்கும்.

‘அட்டை ரோம்’ என்று மாற்றிவிடலாமா?

----

> ‘அட்டை ரோம்’ என்று மாற்றிவிடலாமா?

ஐயா, ‘விருப்ப’ போக வேண்டியதுதான். ஆனால் ‘அட்டை’ நிலைக்காது. பின்னாளில் வந்த தாய்ப்பலகைகளில் வீடியோ, ரெய்டு (பல வன்தட்டுகளை ஒன்றாக இணைப்பது), நெட்வொர்க் ஆகியவற்றின் ஆப்ஷன் ரோம்கள் பயாஸ் சில்லுக்குள்ளேயே அடங்கிவிட்டன. அங்கே அட்டையே கிடையாது. ‘சேர்க்கை ரோம்’ என்றால் கல்லூரிச் சேர்க்கைதான் நினைவுக்கு வரும். ‘ஒட்டு’ என்பதை வெட்டு, ஒட்டுக்கு (கட், பேஸ்ட்) கொடுத்துவிட்டோம்.

அது செய்கிற வேலையைப் பார்த்துப் பெயர் வைப்போம். (நினைவக முகவரிகள், பயாஸ் சேவைகளை அழைக்கும் குறுக்கீட்டு எண்கள் எல்லாம் பதினாறுநிலை எண்கள்.) கணினி தொடங்கும்போது பயாஸ் சி8000-இல் ஆரம்பித்து 2 கேபிக்கு ஒரு முறை நின்று பார்க்கும். முதல் இரண்டு பைட் 55, ஏஏ என்று இருந்தால் அங்கே ஒரு ரோம் இருக்கிறது. மூன்றாவது பைட் அதன் நீளத்தை 512 பைட் கணக்கில் சொல்லும். அத்தனை பைட்டையும் கூட்டினால் கடைசி 8 பிட் சுழியாக வர வேண்டும். வந்தால், நான்காவது பைட்டிலிருந்து அந்த நிரலை ஓடவிடும்.

வன்தட்டு ரோம் அப்போது செய்வதைக் கவனியுங்கள். தட்டு வேலைகளுக்கான குறுக்கீடு 13-ஐத் தன் வசம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் பழைய ஃபிளாப்பி நிரலை அழிப்பதில்லை. அதைக் குறுக்கீடு 40-க்கு நகர்த்தி வைக்கிறது. டிரைவ் எண் 80 முதல் இருந்தால் தானே பார்த்துக்கொள்ளும், 00 என்றால் 40-க்கு அனுப்பிவிடும். பயாஸ் அப்படியே இருக்கிறது, அதன் கை மட்டும் நீள்கிறது. ‘நீட்சி ரோம்’ என்பேன். உலாவி நீட்சி என்று ஏற்கெனவே எழுதுகிறோம், பொருளும் அதேதான். புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

----

> ‘நீட்சி ரோம்’ என்பேன்.

முழு உடன்பாடு. இந்தச் சொல்லை வைத்தே கையேட்டின் பழுதுபார்ப்புப் பகுதியையும் திருத்திவிடலாம். இப்போது அதில் ‘தட்டு தெரியவில்லை’ என்ற ஒரே தலைப்பில் எல்லாம் கலந்து கிடக்கிறது.

முதலில், தாய்ப்பலகை நீட்சி ரோமைத் தேடுகிறதா என்பது. 5150-இன் 1981 ஏப்ரல், அக்டோபர் பயாஸ்கள் தேடாது. 1982 அக்டோபர் 27 தேதியிட்டதுதான் தேடும். டாஸ் இயங்குதளத்தின் டீபக் கருவியில் எஃப்000:எஃப்எஃப்எஃப்5 முகவரியைப் பார்த்தால் தேதி தெரியும். பழையதென்றால் யு33 சாக்கெட்டிலுள்ள சில்லை மாற்றியாக வேண்டும். அது 24 கால் சாக்கெட். 28 கால் கொண்ட 2764 சில்லை நேரே செருக முடியாது, இடையே அடாப்டர் வேண்டும். இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். எத்தனை கன்ட்ரோலர் மாற்றினாலும் இந்த ஒரு சில்லு பழையதாக இருந்தால் பயனில்லை.

அடுத்தது முகவரி மோதல். நெட்வொர்க் அட்டையின் பூட் ரோமும் சி8000-இல் உட்கார்ந்திருந்தால் இரண்டு சில்லும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும், பைட்டுகள் குழம்பும். 55 ஏஏ சிதைந்தால் ஓசையில்லாமல் தாண்டிப் போய்விடும். கூட்டுத்தொகை மட்டும் கெட்டால் திரையில் முகவரியோடு ரோம் பிழை வரும். ஒன்றை டி0000-க்கு நகர்த்தினால் சரியாகும்.

எக்ஸ்டிஐடிஇ யுனிவர்சல் பயாஸை (பழைய கணினிகளில் ஐடிஇ வன்தட்டை இயக்கும் நீட்சி ரோம் நிரல்) சில்லில் பதிப்பவர்களுக்கு: 5150-இலுள்ள 8088 செயலிக்கு எக்ஸ்டி பதிப்புதான். ஏடி பதிப்பிலுள்ள, 286 செயலிக்கான கட்டளைகள் அதற்குப் புரியாது. அமைப்பை மாற்றிய பிறகு கூட்டுத்தொகை பைட்டையும் புதுப்பித்துத்தான் எழுத வேண்டும்.

நீட்சி ரோமின் பெயர் வரி திரையில் வந்தும் தொடங்கவில்லையென்றால் குறை ரோமில் இல்லை. தட்டைப் பகுக்கும் எஃப்டிஸ்க்கில் பகிர்வை ஆக்டிவ் ஆக்கினார்களா, தொடக்கக் கோப்புகளையும் எழுத ஃபார்மட்டில் /எஸ் கொடுத்தார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். டாஸ் 3.3 என்றால் ஒரு பகிர்வு 32 எம்பிக்கு மேல் போகாது. மின்சாரத்தையும் ஒரு வரி சேருங்கள்: 5150-இன் பவர் சப்ளை 63.5 வாட்தான், வன்தட்டோடு வந்த ஐபிஎம் எக்ஸ்டி கணினியில் 130. காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டைக்குக் கவலையில்லை. முழு உயரப் பழைய தட்டை மாட்டுவதானால் பவர் சப்ளையை முதலில் மாற்ற வேண்டும்.

மேலே கூட்டுத்தொகை என்று சொன்ன செக்சம்முக்கு, கையேட்டில் ‘சரிபார்ப்புத் தொகை’ என்று வைக்கிறேன். மறுப்பு இருந்தால் வரைவு அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.