[தீர்ந்தது] பைத்தானில் தமிழ்ப் பெயர் உள்ள ஃபைலைப் படித்தால் சார்மேப் எரர்

கேள்வி
வணக்கம். பைத்தான் ப்ரோக்ராம் வேலை செய்யல. நேத்து ஓடுச்சு, இன்னைக்கு ஃபைலைப் படிக்க மாட்டேங்குது. வேற ஒரு குரூப்ல கேட்டேன். "இப்படிக் கேட்டா யாராலயும் பதில் சொல்ல முடியாது"ன்னு மெசேஜையே எடுத்துட்டாங்க. நாளைக்கு டியூஷன் சென்டர்ல மார்க் லிஸ்ட் தரணும். யாராவது ஹெல்ப் பண்ணுங்க, ப்ளீஸ்.

பதில் 1
கோடும் இல்ல, எரரும் இல்ல. இதை வெச்சு என்ன சொல்றது? முதல்ல கூகுள்ல தேடிப் பாருங்க.

பதில் 2
எதைச் சொல்லித் தேடணும்னு தெரிஞ்சா இங்க வந்திருக்கவே மாட்டாங்க. நீங்க மூணு விஷயம் மட்டும் சொல்லுங்க. சிவப்பு எழுத்துல வந்ததுல கடைசி வரி என்ன? புரியாட்டிப் பரவாயில்ல, அப்படியே காப்பி பண்ணிப் போடுங்க. நேத்துக்கும் இன்னைக்கும் நடுவுல எதை மாத்தினீங்க? விண்டோஸா, லினக்ஸா?

கேட்டவர்
நன்றிங்க. விண்டோஸ்தான். ஜன்னலை மூடிட்டேன், திரும்ப ஓட்டி எரரைப் போடுறேன். கோடு ஆறு வரிதான், படம் வெச்சிருக்கேன். கோடுல எதுவும் மாத்தல. ஃபைல்ல மீதிப் பேரையெல்லாம் சேர்த்தேன். மாதிரிக்கு ரெண்டு வரி ஃபைலும் இணைச்சிருக்கேன்.

பதில் 3
உங்க கோடு, உங்க ஃபைல் ரெண்டையும் எடுத்து ஓட்டினேன். என் மெஷின்ல அழகா ஓடுது.

பதில் 2
இங்க இணைச்ச அந்தச் சின்ன ஃபைலை உங்க மெஷின்ல ஓட்டிப் பார்த்தீங்களா?

கேட்டவர்
இப்பதான் ஓட்டினேன், ஓடுது! பசங்க பேரைப் பொதுவுல போட வேண்டாம்னு மாதிரி ஃபைல்ல வேற பேரை இங்கிலீஷ்ல அடிச்சிருந்தேன். அசல்ல பேரெல்லாம் தமிழ்ல இருக்கு. நேத்து முதல் வரி மட்டும்தான் இருந்துச்சு. "கமலா,78" மாதிரி ஒரு வரின்னு வெச்சுக்கங்க. இன்னைக்கு ரெண்டாவது வரி "குமார்,64" மாதிரி. இந்த ரெண்டு வரியை ஓட்டினாலும் அதே எரர் வருது: யூனிகோட் டீகோட் எரர், சார்மேப், பைட் 81, பொசிஷன் 22.

பதில் 2
மாட்டிக்கிச்சு. விண்டோஸ்ல வெறுமனே ஓபன்னு எழுதினா, பைத்தான் அந்த மெஷினோட பழைய கோட்பேஜ்லதான் (எந்த பைட் எந்த எழுத்துங்கிற பட்டியல், எரர்ல வர்ற சார்மேப் இதைத்தான் சொல்லுது) ஃபைலைப் படிக்கும். உங்க மெஷின்ல அது சிபி1252. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்குன்னு செஞ்சது, ஒரு எழுத்துக்கு ஒரு பைட். அதுல ஹெக்ஸ் (16 அடிமான) எண்ல 81, 8டி, 8எஃப், 90, 9டி ஆகிய அஞ்சு இடம் காலி. உங்க ஃபைல் இருக்கறது யூடிஎஃப்-8ல, எல்லா மொழிக்கும் பொதுவான முறை அது. அதுல தமிழுக்கு எழுத்தோ குறியோ ஒவ்வொண்ணுக்கும் மூணு பைட். உகரக் குறியோட கடைசி பைட் 81, புள்ளியோடது 8டி.

பூஜ்யத்துல இருந்து எண்ணிப் பாருங்க. "கமலா"வுக்கு 12 பைட், கமாவுக்கும் மார்க்குக்கும் 3, வரி முடிவுக்கு 2. ஆக முதல் வரி 17. அடுத்து "க" 17 முதல் 19 வரை, உகரக் குறி 20 முதல் 22 வரை. அந்த 22-லதான் நின்னுருக்கு. "கமலா"ல உகரமும் இல்ல, புள்ளியும் இல்ல, அதனால நேத்து தப்பிச்சுது. பேரைப் பிரின்ட் பண்ணியிருந்தா நேத்தே புரியாத கிறுக்கல் எழுத்தா வந்திருக்கும்.

ஓபனுக்குள்ள ஃபைல் பேருக்கு அடுத்து கமா போட்டு, என்கோடிங் ஈக்வல் டூ, மேற்கோள் குறிக்குள்ள யூடிஎஃப்-8னு எழுதுங்க.

பதில் 3
அருமை. "ஓடுது"ன்னு சொல்லிட்டு நான் போயிருக்கக் கூடாது. ஏன் எனக்கு மட்டும் ஓடுதுன்னு கேட்டிருக்கணும்.

பதில் 4
ஒண்ணு சொல்லணும். ப்ரோக்ராம் எழுதுறவங்களுக்கான கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2008-ல வந்தப்பவே, பின்னாடி தேடி வர்றவருக்கும் பதில் உதவணும்னுதான் நோக்கம். அதனால தெளிவில்லாத கேள்வியை அங்க மூடி வைக்கிறாங்க, திருத்தினா திறக்கிறாங்க. காரணம் நியாயம்தான். ஆனா புதுசா வர்றவங்களுக்கு வரவேற்பு இல்லைன்னு அவங்களே 2018 ஏப்ரல்ல வெளிப்படையா எழுதினாங்க. பிரச்சினையைச் சின்னதாக்கி, திரும்ப வர்ற மாதிரி காட்டுன்னு அங்கேயும் இங்கேயும் சொல்றோம். இவங்க அதைத்தான் செஞ்சாங்க. சின்னதாக்கும்போது கோளாறே கழண்டு போச்சு. எது முக்கியம்னு தெரியாதவங்ககிட்ட "விவரமாச் சொல்லு"ன்னா எதைச் சொல்லுவாங்க? "கடைசி வரி என்ன"ன்னு கேட்டா யாராலயும் சொல்ல முடியும்.

பதில் 1
நான் அவசரப்பட்டுட்டேன், மன்னிக்கணும். ஒரு சேர்க்கை: இதே பட்டியலை எக்செல்ல சிஎஸ்வி யூடிஎஃப்-8னு சேமிச்சா, ஃபைல் தலையில பிஓஎம்னு கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கும். அப்போ என்கோடிங்கை யூடிஎஃப்-8-சிக்னு குடுங்க, இல்லாட்டி முதல் பேரு பொருந்தாது.

கேட்டவர்
ஓடிடுச்சு! 43 பேரும் வந்துட்டாங்க, பேரும் தமிழ்லயே தெரியுது. "பைத்தான் வேலை செய்யல, ஹெல்ப்"னு இருந்த தலைப்பை மாத்திட்டேன். அந்தக் குரூப்லயும் இதே தலைப்புல பதிலோட போடப் போறேன். பிஓஎம்னா என்னன்னு தனியா ஒரு கேள்வி கேட்கலாமா?

பதில் 2
தாராளமா. ஃபைலோட முதல் மூணு பைட்டைப் பார்த்துட்டு வாங்க.