ஹ்ரூஷா வரப்போறாரு: லண்டன் கவென்ட் கார்டன் ஓபரா ஹவுஸ்ல உங்களுக்கு இன்னும் மண்டையில நிக்கிற ராத்திரி எது?

ஸ்லிப்ஸ்_சீனு
2025 செப்டம்பர் 11, புச்சினியோட டோஸ்கா ஓபரா, யாகுப் ஹ்ரூஷா மியூசிக் டைரக்டரா, அதாவது ஆர்கெஸ்ட்ராவ நடத்துற தலைமை ஆளா, பிட்ல (மேடைக்கு முன்னாடி ஆர்கெஸ்ட்ரா உக்காருற குழி) நிக்கப்போற மொத ஷோ, எல்லாரும் அதையே பேசிட்டிருக்கீங்க, எனக்கு என்னமோ இந்த ஜனவரில அவர் நடத்துன யானாச்செக்கோட யெனூஃபாவே இன்னும் இறங்கல. கதை தெரியும்ல, மறுபடி சொல்லல. நான் மேல ஸ்லிப்ஸ்ல, பக்கவாட்டு ஓரத்து சீட்டு, பாதி மேடை தெரியாது, ஆனா பிட்டும் அவர் மூஞ்சியும் நல்லா தெரியும், அதுக்குத்தான் அந்த சீட்டே எடுப்பேன். ஆரம்பத்துல ஸைலஃபோன் ஒரே சுரத்த டக டக டகன்னு அடிக்கும்ல, மில்லு ஓடுற சத்தம், எங்க ஊர் ரைஸ் மில் பெல்ட்டு அச்சு அசல் அப்படித்தான் கேக்கும், அங்கயே நான் காலி.

பக்கத்துல ஒரு வயசான அம்மா, வந்ததும் என் கையில இருந்த பேப்பரைப் பாத்து அந்த பேரை எப்படி சொல்றதுன்னு சொல்லிக் குடுத்தாங்க, ஹ்ரூஷா, "ரூ"வ இழுக்கணும், எங்க ஊர்க்காரப் பையன்னாங்க. செக் நாட்டு ப்ர்னோவாம். யெனூஃபா 1904ல மொதல்ல போட்டதும் அதே ஊர்லதான், அதையும் ஏதோ நேத்து பக்கத்துத் தெருவுல நடந்த மாதிரி சொன்னாங்க.

ரெண்டாவது ஆக்ட் முடிவுல, யெனூஃபாவோட வளர்ப்பு அம்மா கோஸ்டெல்னிச்கா அவளோட குழந்தைய ஐஸ் ஆத்துல விட்டுட்டு வந்து கல்யாணப் பேச்சு நடக்குறப்ப ஜன்னல் படார்னு திறக்கும், சாவு உள்ள எட்டிப் பாக்குற மாதிரி இருக்குன்னு அவ கத்துவா. அந்த இடத்துல இந்த அம்மா அந்த வரிய செக் மொழில வாய்க்குள்ளயே முணுமுணுத்துட்டு என் மணிக்கட்ட கப்புன்னு புடிச்சிட்டாங்க. நான் பயந்து போய் கைய வெடுக்குன்னு இழுத்துட்டேன். அவ்ளோதான். அவங்க சாரின்னு கூட சொல்லல, ரெண்டு கையையும் மடியில வச்சிக்கிட்டாங்க, இன்டர்வல்ல எந்திரிச்சுப் போனவங்க திரும்ப அந்த சீட்டுக்கு வரல. எட்டு மாசம் ஆகப்போகுது, ஆர்கெஸ்ட்ரா எப்படி இருந்துச்சுன்னு யாராவது கேட்டா எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வருது.

ஹாரோ_மாமா
தம்பி, ஒரு யெனூஃபாவைப் பாத்திட்டு ஹ்ரூஷா ஹ்ரூஷா எண்டு துள்ளாதேங்கோ, இவருக்கு முந்தி இருந்த பப்பானோ 22 வருசம் நிண்டவர், அது சும்மா இல்லை. நான் அவற்றை முதல் நாளுகளைப் பாத்தனான், 2002 செப்டம்பர், ஸ்ட்ராவுஸின்ரை அரியாட்னே ஒப்பரா. அப்ப அங்கினைக்கை ஒரு ரெஸ்ரோறன்ரிலை எனக்குக் கோப்பை கழுவுற வேலை. வழமையா வாற கிழவர் ஒருத்தர், மனிசிக்குச் சுகமில்லையாம், மிச்ச ரிக்கற்றைத் தூக்கி என்ரை கையிலை தந்திட்டுப் போட்டார். ஒப்பரா எண்டால் என்னெண்டே எனக்கு அப்ப தெரியாது. முதலாளியிட்டை வயித்துவலி எண்டு சொல்லிப்போட்டு, ஈர சப்பாத்தோடை போனனான்.

திரை திறந்தா பெரிய பணக்கார வீட்டு வாசல், லிஃப்ற், பளபளப்பு. நானும் சரி உப்பிடித்தான் இருக்கும் எண்டு இருக்கேக்கை அந்த வாசல் முழுக்க அப்பிடியே மேலை எழும்பிப் போகுது, அதுக்குக் கீழை நிலவறை வருது, வேலைக்காரர், பாட்டுக்காரர், பெட்டி சாமான், ஒராளுக்கு ஒராள் இடிச்சுக்கொண்டு. எங்கடை குசினி! மேலை ஆக்கள் சாப்பிட, கீழை நாங்கள் நிக்கிற குசினிதான். அந்த வீட்டு முதலாளி 9 மணிக்கு வாணவேடிக்கை, அதுக்குள்ளை சோக நாடகத்தையும் கோமாளிக்கூத்தையும் ஒண்டாப் போட்டு முடியுங்கோ எண்டு சொல்லி அனுப்புறான், எங்கடை முதலாளி கதைச்ச மாதிரியே இருந்திச்சு. எனக்குச் சிரிப்பு வந்திட்டுது, சுத்திவர ஒருத்தரும் சிரிக்கேல்லை. கிழவர் நித்திரை.

அந்தக் கிழவரும் அண்டைக்கு உதேதான் கேட்டவர், பப்பானோவுக்கு முந்தி இருந்த ஹைற்றிங்க் விட்டிட்டுப் போட்டார், பிரஸ்ஸல்ஸிலையிருந்து வாற இந்தப் பெடியன் என்னத்தைக் கிழிக்கப்போறான் எண்டு. அப்ப பப்பானோவுக்கு 42. ஹ்ரூஷாவுக்கு இப்ப 44. ஆகவே நான் அவர் கூடாதெண்டு சொல்ல வரேல்லை, பொறுங்கோ எண்டுதான் சொல்லுறன்.

லூயிஷம்_பவி
மாமா, பப்பானோ எங்கயும் போயிடல, காஸ்கி மேடையேத்துற ரிங்குக்கு (வாக்னரோட நாலு ஓபரா வரிசை) அவர்தான் நடத்துறாரு, 2026 மார்ச்ல அதுல மூணாவது, ஸீக்ஃப்ரீட் இருக்கு. அதனால அழுறத கொஞ்சம் தள்ளி வைங்க.

எனக்கு உறுத்துறது வேற. 2019 மார்ச், வெர்டியோட லா ஃபோர்ஸா, ரஷ்யப் பாடகி நெட்ரெப்கோ, பாடகர் காஃப்மன் ரெண்டு பேரும், டிக்கெட் கிடைக்காதுன்னு தெரிஞ்சும் ரிட்டர்ன்ஸுக்கு, யாராவது திருப்பிக் குடுக்குற டிக்கெட்டுக்கு, போய் நின்னேன், கடைசி நிமிஷத்துல ஸ்டாண்டிங் ஒண்ணு கிடைச்சுது. நாலு மணி நேரம், கால் மரத்துப் போச்சு, கடைசி ஆக்ட்ல நெட்ரெப்கோவோட "பாச்சே பாச்சே" பாட்டு ஆரம்பிக்குது, அந்த மொத சுரத்த சின்னதா எடுத்து பெருசாக்கி மறுபடி சின்னதாக்குவாங்க பாருங்க, நான் கம்பிய புடிச்சிட்டு மூச்சே விடல, அதுக்கப்புறம் நான் கேட்ட எந்தப் பாடகியும் அந்த இடத்துக்கு எனக்குப் பத்தல.

இப்ப அவங்கதான் டோஸ்கா, ஹ்ரூஷாவோட மொத ஷோல. என் டீம்ல உக்ரைன் கார்கிவ்லேருந்து வந்த பொண்ணு ஒருத்தி இருக்கா, போன வாரம் லஞ்ச்ல ரொம்ப சாதாரணமா "நீ போறியா?"ன்னு கேட்டா. நான் பார்க்கலாம்னேன். டிக்கெட் ஏற்கனவே என் ஃபோன்ல இருக்கு. நெட்ரெப்கோ உக்ரைன் போரை எதிர்க்குறேன்னு அறிக்கை விட்டாங்க, புடின் பேரைச் சொல்லி கண்டிக்கல, நியூயார்க் மெட் ஓபரா 2022லயே விலக்கிடுச்சு, எல்லாம் எனக்கும் தெரியும், தயவுசெஞ்சு யாரும் எனக்கு விளக்காதீங்க.

வெள்ளி_ஒருமணி
விளக்கல, ஆனா ஒண்ணு சொல்லணும், பாட்டு வேற அரசியல் வேற பவி. டோஸ்காவே அரசியல்தான்னு சொல்வீங்க, போலீஸ்காரன் ஸ்கார்பியா, சித்திரவதை ரூம், சரி, ஆனாலும்.

என் கதை சின்னது. 2023 செப்டம்பர், ரிங் வரிசைல மொத ஓபரா ரைன்கோல்ட், ரயில் சுரங்கத்துல நின்னுடுச்சு, ரெண்டே நிமிஷம் லேட், உள்ள விடல, ரைன்கோல்ட்ல இன்டர்வலே கிடையாது, ரெண்டரை மணி நேரமும் வெளில ஸ்க்ரீன்ல பாத்தேன். பூமித்தாய் எர்டாவா ஒரு வயசான அம்மா உடம்புல துணியில்லாம மேடையில இருக்காங்க, அத சின்ன ஸ்க்ரீன்ல, கோட் போட்டுக்கிட்டு, தனியா. முடிஞ்சுது.

அதனால புதுசா வர்றவங்களுக்கு. ஒண்ணு, வாக்னர்னா ஒரு மணி நேரம் முன்னாடி கிளம்புங்க. டிக்கெட் தீர்ந்துடுச்சுன்னா கவலப்படாதீங்க, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மதியம் 1 மணிக்கு ஃப்ரைடே ரஷ் திறக்கும், அடுத்த வாரத்து ஷோக்களுக்கு, 12:50க்கே லாகின் பண்ணி உக்காருங்க, ஆபீஸ் மீட்டிங்க 1 மணிக்கு வைக்க விடாதீங்க, நான் என் காலண்டர்ல "டென்டிஸ்ட்"னு போட்டு வச்சிருக்கேன், நாலு வருஷமா எனக்குப் பல்லு வலி. பணம் இருக்குன்னு கீழ்த்தளத்து ஸ்டால்ஸுக்குப் போகாதீங்க, முன்னாடி உயரமா ஒருத்தர் உக்காந்தா போச்சு, மேல இருக்குற ஆம்ஃபிதியேட்டர் நடு வரிசை போதும், சத்தம் மேலதான் நல்லா கலந்து வரும். 16லேருந்து 30 வயசுக்குள்ளன்னா தனி ஸ்கீம் இருக்கு, வீட்டுப் பசங்களுக்கு எடுத்துக் குடுங்க. சூட்டு கோட்டு தேவையில்ல, ஆனா சரசரன்னு சத்தம் வர்ற ஜாக்கெட் வேணாம். மிட்டாய் பேப்பர மெதுவா பிரிச்சா சத்தம் வராதுன்னு நினைக்காதீங்க, மெதுவா பிரிச்சாதான் ரொம்ப நேரம் வரும். நவம்பர்ல வர்ற மக்ரோபுலோஸ் ஓபராவுக்கு கதையப் படிக்காம போகாதீங்க, 337 வயசு பாடகி, சொத்து கேஸ், பேரெல்லாம் மாறி மாறி வரும், மேடைக்கு மேல ஓடுற சர்டைட்டில படிக்கவே நேரம் போயிடும். ஸ்லிப்ஸ் எடுக்காதீங்க, கழுத்து போயிடும்.

ஸ்லிப்ஸ்_சீனு
நான் டிக்கெட் டிப்ஸ் கேக்கல ப்ரோ. எனக்குக் கழுத்தும் நல்லாத்தான் இருக்கு.

பிட்டுக்குமேல
எல்லாரும் புதுத் தலைமை புதுத் தலைமைங்குறீங்க. ஓபராவுக்கு டைரக்டர் ஆலிவர் மியர்ஸ், அவர் 2017லேருந்து இருக்காரு, புது டோஸ்காவ மேடையேத்துறதும் அவரேதான். எந்த ஓபரா எப்ப, யாரு பாடுறாங்கங்குறதெல்லாம் வருஷக்கணக்கா முன்னாடியே பேசி முடிக்குற விஷயம். ஹ்ரூஷா பேர அறிவிச்சதே 2022 அக்டோபர். மொத சீசன்லயே தலகீழா மாறிடும்னு எதிர்பார்த்தா ஏமாறுவீங்க. மாறுறது பிட்டுக்குள்ள மாறும், வயலின்காரங்க எப்படி உக்காந்து கேக்குறாங்கங்குறதுல தெரியும், அது மொத்தமா கண்ணுல படறது ஸ்லிப்ஸ்லேருந்துதான், சீனு சொல்றது சரி. என் அனுபவம்னு பெருசா இல்ல, 2006ல ஜோனத்தன் கென்ட் மேடையேத்துன டோஸ்காவ ஏழு தடவ பாத்தேன், ஏழு தடவையும் கடைசில டோஸ்கா கோட்டைலேருந்து குதிக்குறப்ப கண்ண மூடிட்டேன். இப்ப அந்த செட்டு போகுதுன்னு கேட்டப்புறம்தான் ச்சே ஒரு தடவையாவது பாத்திருக்கலாமேன்னு இருக்கு.

ஹாரோ_மாமா
ஏழுதரம் பாத்தும் குதிக்கிறதைப் பாக்கேல்லையோ? காசைத் தண்ணியிலை போட்டிருக்கிறியள்.

பவி பிள்ளை, நான் ஒண்டும் விளக்கேல்லை. அந்தப் பிள்ளையிட்டை டிக்கெட் இருக்கெண்டு மட்டும் சொல்லிப்போடுங்கோ. ஃபோனிலை வச்சுக்கொண்டு "பார்க்கலாம்" எண்டது சரியில்லை.

லூயிஷம்_பவி
தெரியும் மாமா. இன்னும் சொல்லல.

வெள்ளி_ஒருமணி
டிக்கெட்ட திருப்பிக் குடுக்கணும்னா சீக்கிரம் குடுங்க, கடைசி நாள் வரைக்கும் வச்சிருந்தா

லூயிஷம்_பவி
ப்ரோ.

ஹாரோ_மாமா
சீனு தம்பி, மக்ரோபுலோஸுக்குப் போறியளோ? அதுவும் யானாச்செக், அதுவும் ப்ர்னோவிலை முதல் போட்டதுதானே.

ஸ்லிப்ஸ்_சீனு
ஆமா மாமா, 1926. கவென்ட் கார்டன் இத மேடையேத்துறதே இப்பதான் மொத தடவ. அதே பக்கம், அதே ஸ்லிப்ஸ் எடுத்திருக்கேன், அந்த அம்மா வந்தா எந்த நாள்னு தெரியாததால ரெண்டு நாளைக்கு.