மட்டாஞ்சேரி யூதத் தெருவைச் சுற்றிக்காட்ட வழிகாட்டி தேவை

அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவிலைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர், கொச்சி மட்டாஞ்சேரியில் யூதர்கள் வாழ்ந்த தெருவை நடந்தே பார்க்க விரும்புகிறோம். 1568-இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்தின் தரையில் பதித்துள்ள, கையால் நீல ஓவியம் தீட்டிய சீனப் பீங்கான் ஓடுகளையும், 1760-ஆம் ஆண்டின் மணிக்கூண்டையும் வெறுமனே பார்த்துவிட்டுத் திரும்பாமல், வணிகத்தால் செழித்த அச்சமூகத்தினரின் வாழ்வையும், அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த வரலாற்றையும் நின்று நிதானமாக விளக்கக்கூடிய வழிகாட்டி எவரையேனும் அறிந்தவர்கள் தெரிவிக்குமாறு வேண்டுகிறோம். மலையாளத்தில் சொன்னாலும் போதும். குமரி மாவட்டத்தாருக்கு அது ஒரு தடையா என்ன! சனிக்கிழமை ஆலயம் மூடியிருக்கும் என்பதால் ஞாயிறு காலை செல்ல எண்ணியுள்ளோம். முழங்கால் வலியுள்ளோர் இருவர் உடன் வருவதால், இடையிடையே உட்கார இடமுண்டா என்பதையும், பரவூர், சேந்தமங்கலம் ஜெப ஆலயங்களையும் அதே நாளில் பார்த்து முடிக்க இயலுமா என்பதையும் சென்றுவந்தவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.