புதுப்பிப்பு: 1600 மடங்கில் படம் மங்கியது ஏன்?

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: மகளின் நுண்ணோக்கியில் கன்னத்துச் செல்களை மெத்திலீன் நீலச் சாயமிட்டுப் பார்த்தோம், 1600 மடங்கில் எல்லாம் மங்கல், லென்ஸ் பழுதா என்று. பழுதில்லை.

100 மடங்கு பொருளருகு லென்ஸ் எண்ணெயில் வேலை செய்வது. நாங்கள் எண்ணெய் விடாமலே பார்த்திருக்கிறோம். செல்களை மூடிய மெல்லிய கண்ணாடித் தகட்டுக்கும் லென்ஸுக்கும் நடுவே ஒரு சொட்டு இமர்ஷன் எண்ணெய் (இத்தகைய லென்ஸுக்கென்றே உள்ள எண்ணெய்) விட்டதும் உட்கருவின் விளிம்பு பளிச்சென்று தெரிந்தது. மகள் துள்ளிக் குதித்தாள்!

அப்புறம் கண்ணருகு லென்ஸை 16 மடங்கிலிருந்து 10-க்கு மாற்றினோம். படம் சிறுத்தது, விவரம் எதுவும் குறையவில்லை. இதுதான் எனக்கு முக்கியமான பாடம். உருப்பெருக்கம் வேறு, அருகருகே உள்ள புள்ளிகளைத் தனித்தனியாகக் காட்டும் பிரித்தறியும் திறன் வேறு. அந்தத் திறனுக்கு ஒளியின் அலைநீளமே எல்லை போடுகிறது என்று ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1873-லேயே சொல்லிவிட்டார். நல்ல எண்ணெய் லென்ஸிலும் சுமார் 200 நானோமீட்டருக்குக் குறைவான இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகள் ஒன்றாகவே தெரியும்.

செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் உள்மடிப்புகளையும் பார்க்க முடியுமா என்று மகள் கேட்டாள். அதற்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். எலக்ட்ரானின் அலைநீளம் மிக மிகச் சிறியது. அதைக் குவிப்பது காந்தச் சுருள்கள். 1950-களில்தான் அந்த மடிப்புகள் தெளிவாகத் தெரிந்தன. ஆனால் உள்ளே வெற்றிடம். திசுவைப் பதப்படுத்தி, ஆஸ்மியம் போன்ற கன உலோகம் ஏற்றி, 100 நானோமீட்டருக்கும் மெல்லியதாகச் சீவ வேண்டும். உயிரோடு எதையும் அதில் பார்க்க முடியாது.

நீந்தும் பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரியைப் பார்க்க எங்கள் சின்ன நுண்ணோக்கியே போதும். குளத்து நீர் பாட்டிலில் தயாராக இருக்கிறது.