கலைச்சொல் விவாதம்: கடலுக்குத் தள்ளும் காற்றைக் ‘கரைவிடு காற்று’ என்றால் சரிவருமா?

அன்புள்ள குழு உறவுகளுக்கு வணக்கம்.

அலையும் காற்றும் எப்படி இருக்கும் என்று சொல்லும் கடல்நிலைத் தாளின் தமிழ் வரைவுக்குப் பலர் கருத்து எழுதியிருந்தீர்கள், நன்றி. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். எல்ல, பண்டாரவளைப் பக்கம் வேன் ஓட்டுகிற, விருந்தினர் விடுதிகளில் வேலை செய்கிற எங்கள் பிள்ளைகளுக்காகத்தான் இந்தத் தாள். எல்லவுக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களில் பலர் அடுத்துப் போவது கிழக்குக் கரையின் அலைச்சறுக்கு இடமான அறுகம்பைக்கு. வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவை வழியாகப் பொத்துவிலில் இறங்கினால் கடல். “வருகிற இரண்டு கிழமையும் அலை எப்படி, காற்று எப்படி?” என்று புறப்படுவதற்கு முன்பே கேட்டுவிடுவார்கள். பதில் கைபேசியில் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதைப் பிள்ளைகள் விளங்கிக்கொண்டு சொல்ல வேண்டும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: இப்போது அவர்களும் அலைச்சறுக்குப் பலகையோடு தண்ணீரில் இறங்குகிறார்கள். மலையில் பிறந்து, ஓடையைத் தவிர வேறு தண்ணீர் பழகாத பிள்ளைகள்.

சில சொற்களில் பெரிய வாதம் வரவில்லை. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில், 40 பாகைத் தென் அகலக்கோட்டுக்கும் கீழே எழும் புயல்கள் கிளப்பிவிட, பல நாள் பயணம் செய்து நம் கரைக்கு வரும் நீண்ட அலைக்குத் ‘தொலையலை’ என்று ஒருவர் எழுதினார். எனக்குப் பிடித்திருக்கிறது. ‘வீங்கலை’ என்ற மற்ற யோசனையில் ‘ஸ்வெல்’ (swell) என்ற ஆங்கிலச் சொல்லின் உருவம்தான் தெரிகிறதே தவிர, அலை எங்கிருந்து வருகிறது என்பது தெரியவில்லை. இதே அலை திடீரென்று கரை புகுந்தால் கேரளத்து மீனவர்கள் கள்ளக்கடல் என்பார்கள். அந்தச் சொல்லை 2012இல் யுனெஸ்கோவே ஏற்றுக்கொண்டது. கரையில் இருப்பவர்களின் சொல் அறிவியலுக்குள் போக முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

பாறைத்திட்டின் மேல் அலை மடிகிற இடத்துக்குப் ‘பாரலை’ என்பதும் சரி. மன்னார்க் கடலில் முத்துக் குளித்த இடங்களுக்குப் பெரியபார் என்றெல்லாம் பெயர் உண்டு. கடலடித் திட்டுக்குப் ‘பார்’ நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற சொல்தான். பாடப்புத்தகத்தின் முருகைக்கற்பாறை (பவளப்பாறை) முருகை இருக்கிற இடத்துக்கு மட்டும்தான் பொருந்தும். பார் வெறும் கல்லுக்கும் பொருந்தும்.

இடிபடுவது காற்றில்தான். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று, கடலிலிருந்து கரையை நோக்கி வீசும் காற்று. இந்த இரண்டுக்கும் தமிழில் என்ன எழுதுவது?

முதலில் வந்த யோசனை நிலக்காற்று, கடற்காற்று. பள்ளியில் படித்தவை, எல்லோருக்கும் தெரிந்தவை. ஆனால் அவை ஒரு நாளுக்குள் நடக்கிற காரியத்தின் பெயர்கள். இரவில் தரை குளிர்வதால் கடலுக்குப் போவது நிலக்காற்று, பகலில் தரை சுடுவதால் கரைக்கு வருவது கடற்காற்று. நமக்கு வேண்டியது காரணத்தின் பெயர் அல்ல. என்ன காரணத்தால் வந்தாலும் சரி, எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதைச் சொல்லும் பெயர் வேண்டும். ஜூலை மாதத்தில் அறுகம்பையில் உச்சி வெயிலிலும் தரையிலிருந்து கடலுக்குக் காற்று அடிக்கும் நாட்கள் உண்டு. அதை நிலக்காற்று என்று எழுதினால் விஞ்ஞான ஆசிரியர் யாரும் ஒப்பமாட்டார்.

அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் நம் வீட்டு வாசலில் வந்து நிற்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சி. கினிகத்தேனையிலும் வட்டவளையிலும் மலையில் ஏறும் காற்று குளிர்ந்து, தன்னிடமுள்ள ஈரத்தை அங்கேயே மழையாகக் கொட்டிவிடுகிறது. மலைமுகடு தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது காய்ந்த காற்றாகிவிடுகிறது. காய்ந்த காற்று 1000 மீற்றர் இறங்கினால் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் சூடேறும். ஜூலை, ஓகஸ்டில் ஹட்டன்காரர்கள் கம்பளி போர்த்திக்கொண்டு மழையைத் திட்டுகிற அதே நேரத்தில், பசறையிலும் அப்புத்தளையிலும் தேயிலை காய்ந்து கொழுந்து குறைவது இதனால்தான். ஊவாத் தேயிலைக்கு அந்த மாதங்களில் தனி வாசனை ஏறுவதும் இதே காற்றால்தான். கீழே மட்டக்களப்புப் பக்கம் போனால் இதற்குக் கச்சான் என்று பெயர். பலமாக வீசும் நாளில் பகல் கடற்காற்றையே மடக்கிவிடும், வெயில் 100 பாகை பரனைட்டைத் தொடும். நம் பக்கத்துக் கொழுந்தைக் காயவைத்த காற்றுதான் அறுகம்பையில் அலையின் முகத்தை நேராக நிமிர்த்தி நிறுத்துகிறது. இது தெரிந்த நாளிலிருந்து அந்தக் கடல் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

அப்படியானால் கச்சான் என்றே எழுதலாமே என்று அக்கரைப்பற்று நண்பர் கேட்டிருந்தார். ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் முடியாது. கச்சான், சோளகம், வாடை, கொண்டல் எல்லாம் திசைப் பெயர்கள். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சொல்லும், கரை எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லாது. ஒரே தென்மேல் காற்று அறுகம்பையில் கரையிலிருந்து கடலுக்குப் போகிறது, தென்மேற்குக் கரையிலுள்ள ஹிக்கடுவையில் கடலிலிருந்து கரைக்கு வருகிறது. அதனால்தான் மே தொடக்கம் கிழக்கில் அலைச்சறுக்குக் காலம், நவம்பர் தொடக்கம் தெற்கிலும் மேற்கிலும். இரண்டு கரைக்கும் ஒரே தாள் போட வேண்டுமென்றால் திசைப் பெயர் உதவாது. அதோடு மலையகத்தில் கச்சான் என்றால் வறுத்துத் தின்னும் கடலைதான் நினைவுக்கு வரும். அறுகம்பைக்குத் தெற்கே ‘பீனட் ஃபார்ம்’ (கடலைத் தோட்டம்) என்றே ஓர் அலையிடம் இருக்கிறது. குழப்பத்துக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அடுத்து ‘கடல்நோக்கு காற்று’, ‘கரைநோக்கு காற்று’. பொருள் சரி. ஆனால் நம் மொழியில் காற்றுக்குப் பெயர் வைப்பது வரும் பக்கத்தை வைத்து. மேல்காற்று மேற்கிலிருந்து வருவது, கடற்காற்று கடலிலிருந்து வருவது. ‘கடல்நோக்கு காற்று’ என்றால் கடலுக்குப் போவது. ஒரே தாளில் ‘கடல்’ என்று தொடங்கும் இரண்டு சொற்கள் நேரெதிராக நின்றால், தொலைபேசியில் பாதி காதில் விழுகிற பையன் என்ன செய்வான்?

இங்கே தவறாக விளங்கினால் உயிருக்கு ஆபத்து. கரையிலிருந்து கடலுக்குக் காற்று அடிக்கும்போது கரையோரத் தண்ணீர் அழகாக, வழுவழுப்பாக இருக்கும். பார்த்தால் பயமே வராது. அந்த நேரத்தில் காற்றடைத்த டியூபிலோ மிதவையிலோ ஏறிப் படுத்தவனைக் காற்று சத்தமில்லாமல் வெளியே கொண்டுபோகும். எவ்வளவு தூரம் போய்விட்டோம் என்பது திரும்பிப் பார்க்கும்போதுதான் தெரியும். பாரலையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எதிரே வரும் காற்று அலையைத் தாங்கிப் பிடிப்பதால் அது சுணங்கி, இன்னும் ஆழம் குறைந்த இடத்தில், செங்குத்தாக மடியும். விழுந்தால் கல் கிட்டவே இருக்கும். பழகியவர்கள் தேடிப் போவது இந்த அலையைத்தான். புதியவர்கள் ஒதுங்க வேண்டியதும் இதிலிருந்துதான்.

ஆகவே என் முன்மொழிவு: கரையை விட்டுப் போவது ‘கரைவிடு காற்று’. கரையில் ஏறி வருவது ‘கரையேறு காற்று’. பக்கவாட்டில் கரையோடு போவதற்கு இங்கே ஒருவர் எழுதிய ‘கரைவழிக் காற்று’ போதும். சொல்லைக் கேட்டவுடனேயே காற்று தன்னை எங்கே கொண்டுபோகும் என்று பிள்ளைக்கு விளங்க வேண்டும். எனக்கு அது ஒன்றே அளவுகோல்.

அன்புடன்,
அப்புத்தளையிலிருந்து

—

தம்பிக்கு,

பதுளையிலிருந்து எழுதுகிறேன். பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் என்பது குழுவில் பலருக்குத் தெரியும். நிலக்காற்றை இதற்கு இழுக்க வேண்டாம் என்றதில் எனக்கும் முழுச் சம்மதம். பரீட்சைத் தாளில் ஒரு பொருளும் கடல்நிலைத் தாளில் வேறு பொருளுமாக ஒரே சொல் நிற்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். ஒரே ‘frequency’க்கு மீடிறனா அதிர்வெண்ணா என்று இரண்டு நாட்டுப் புத்தகங்களுக்கு நடுவில் அவர்கள் படுகிற பாடே போதும்.

கரைவிடு என்பதைத் தனியாகப் பார்த்தால் கட்டளை மாதிரி இருக்கிறது. ‘கரையை விடு’ என்று யாரோ சொல்வது போல. இது சின்ன விஷயம். கரையேறு என்பதுதான் எனக்கு இடிக்கிறது. நம் ஆட்களுக்குக் கரையேறுவது என்றால் என்ன? “ரெண்டு பிள்ளைகளும் படிச்சுக் கரையேறிட்டாங்க” என்போம், “மகளைக் கரையேத்திட்டேன்” என்போம். கஷ்டம் தீர்ந்த சொல் அது. நீங்கள் சொல்லும் காற்றோ அலையைக் கலைத்துக் குழப்பி, அலைச்சறுக்குக்காரர்களை வெறுங்கையோடு அனுப்புகிற காற்று. ‘இன்றைக்குக் கரையேறு காற்று’ என்றால் நல்ல செய்தி என்று நினைத்துப் பையன்கள் வேனை எடுத்துவிடுவார்கள்.

கடலில் விட்டது கரைக்கு வந்து சேர்ந்தால் கரையொதுங்கியது என்கிறோம். ‘கரையொதுக்கு காற்று’ என்று வைத்தால் என்ன? ஒதுக்குவது காற்று, ஒதுங்குவது நாம். பொருள் சுத்தமாக இருக்கிறது.

—

அன்புள்ள டீச்சருக்கு,

கட்டளை போல் ஒலிக்கிறது என்ற கவலை எனக்கில்லை. ஊறுகாயை யாரும் ‘ஊறு’ என்ற ஏவலாகப் படிப்பதில்லை, சுடுகாடும் அப்படியே. வினைத்தொகைக்கு நம் காது பழகித்தான் இருக்கிறது. கூட ‘காற்று’ சேர்ந்தே வருவதால் தாளில் மயக்கம் வராது.

கரையொதுக்கு நல்ல சொல், வாயில் அழகாகவும் வருகிறது. ஆனாலும் என்னால் அதைத் தாளில் போட முடியாது டீச்சர். ‘கரையொதுங்கிய’ என்ற சொல்லை நம் பிள்ளைகள் எங்கே கேட்கிறார்கள்? செய்தியில். அதற்கு அடுத்து வருவது பெரும்பாலும் சடலம். கடலைப் பற்றி மலையில் இருக்கிற பயம் ஏற்கெனவே பெரியது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, கடல் என்றாலே பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தாய்மார் எங்கள் லயங்களில் இன்னும் இருக்கிறார்கள். பயத்தைக் கிளறாத சொல்தான் எனக்கு வேண்டும்.

கரையேறு நல்ல செய்தியாக ஒலிக்கும் என்றீர்கள். அது அப்படியே இருக்கட்டும் என்றுதான் சொல்வேன். அலை கலைந்துபோவது உண்மை. ஆனால் புதிதாக இறங்குகிறவனுக்கு, தவறி விழுந்தாலும் கரைப்பக்கம் தள்ளிவிடுகிற காற்று அது. அலை நன்றாக இருக்குமா என்பதைத் தாளில் தனி வரியாக எழுதிவிடலாம். காற்றின் பெயர் தள்ளும் பக்கத்தை மட்டும் சொன்னால் போதும்.

இன்னொன்றையும் எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். இரண்டாவது கிழமைக்கு எண் கேட்காதீர்கள். தொலையலையை முன்கூட்டிச் சொல்ல முடிவதற்குக் காரணம், அதைக் கிளப்பிய புயல் ஏற்கெனவே நடந்து முடிந்திருப்பதுதான். 16 செக்கன் இடைவெளியுள்ள அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு 45 கிலோமீற்றர் போலத்தான் நகரும், இங்கே வந்து சேர ஏறத்தாழ 5 நாள் எடுக்கும். காற்றுக்கு அந்த வசதி இல்லை. கணினி மாதிரிகள் 16 நாள் வரை எண் தருகின்றன என்பதற்காக அவற்றை அப்படியே தமிழில் போட்டால், பிள்ளைகள் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்வார்கள். முதல் 5 நாளுக்கு எண், அதற்கப்புறம் பருவத்தின் போக்கு மட்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

பொத்துவில், அக்கரைப்பற்றுப் பக்கத்து உறவுகளே, படகில் போகிறவர்கள் இந்த இரண்டு காற்றுக்கும் திசைப் பெயரல்லாத தனிச்சொல் ஏதாவது வைத்திருந்தால் உடனே எழுதுங்கள். அப்படி ஒன்று கிடைத்தால் நான் கட்டிய சொல்லை எடுத்துவிட்டு அதையே போடுவேன். அதுவரைக்கும் ஜூலைத் தாளின் மாதிரிப் பந்தி இப்படிப் போகட்டும்:

“அறுகம்பை. தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் தொலையலை வரும் காலம். விடியற்காலையிலிருந்து முற்பகல் வரை கரைவிடு காற்று: அலை நேராக மடியும், பழகியவர்களுக்கு நல்ல நேரம். மதியத்துக்குப் பிறகு பெரும்பாலும் கரைவழிக் காற்றும் கரையேறு காற்றும்: அலை கலையும். கச்சான் பலமாக இருக்கும் நாளில் மதியத்திலும் கரைவிடு காற்றே நிற்கலாம். கரைவிடு காற்று அடிக்கும்போது டியூப், மிதவை, காற்றடைத்த படகு எதிலும் இறங்க வேண்டாம். பாரலையில் புதியவர்கள் தனியாக இறங்க வேண்டாம். பலகையைக் காலோடு பிணைக்கும் கால்கயிற்றைக் கட்டாமல் யாரும் இறங்க வேண்டாம்.”

 திருத்தம் இருந்தால் ஞாயிறுக்கு முன் எழுதுங்கள், திங்கட்கிழமை வேன்கள் புறப்படுகின்றன.