பிறப்பு ரகசியம் இல்லாமல் சோழர் கதை எழுத முடியாதா?

கொள்ளிடக்கரை:
உத்தம சோழர் காலத்தில் நடக்கும் குறுநாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகன் நெசவாளர் வீட்டில் வளர்கிறான், உண்மையில் ஒரு சிற்றரசரின் மகன். அது தெரியும் இடம் வந்ததும் என் அக்கா, "இவனும் ராஜா மகனா? போடா" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். 'பொன்னியின் செல்வ'னில் மட்டும் இது எப்படிச் சலிக்காமல் போகிறது?

திருநல்லம்:
தம்பி, உங்கள் அக்கா சொன்னதில் நியாயம் இருக்கிறது. ராஜா மகன் என்று தெரிந்ததும் உங்கள் பையனுக்குக் கௌரவம் கூடுகிறது, அவ்வளவுதானே? கல்கியில் ரகசியம் உடைந்தால் பட்டம் யாருக்கு என்பதே மாறிவிடுகிறது. தளிக்குளத்தார் கோயிலுக்குப் பூ கட்டிக் கொடுக்கும் சேந்தன் அமுதன்தான் மகாராணி செம்பியன் மாதேவி பெற்ற பிள்ளை. அவர் மகன் இளவரசன் மதுராந்தகனாக வளர்ந்தவன் பழுவூர் ராணி நந்தினியின் கூடப்பிறந்தவன்.

ஆனால் எனக்குப் பிடித்தது குழந்தை மாறியது இல்லை, அதை மறைத்து வைத்தவர் யார் என்பது. ஊரே கையெடுத்துக் கும்பிடும் மகாராணி! மகனுக்குப் பட்டம் கூடாது என்று அவர் பிடிவாதமாக நிற்கும்போது, பெற்றவள் இப்படியா பேசுவாள் என்று முதல் வாசிப்பில் எரிச்சலாக வரும். விஷயம் தெரிந்த பிறகு அதே பக்கங்களைப் படித்துப் பாருங்கள், அந்த அம்மாள் மேல் பரிதாபமே வரும்.

இன்னொன்று. கல்வெட்டுகளில் செம்பியன் மாதேவியார் உத்தம சோழரைத் 'திருவயிறு வாய்த்த' பிராட்டியார், அதாவது அவரைப் பெற்றவர். கல்கி இவ்வளவு பெரிய ஆள்மாறாட்டம் செய்தும் அந்த வரி பொய்யாகவில்லை. கடைசியில் உத்தம சோழராக முடிசூடுபவர் அவர் வயிற்றுப் பிள்ளை சேந்தன் அமுதன்தான். பின்னாளில் ராஜராஜனான அருள்மொழி தன் சிற்றப்பாவுக்கு வழிவிட்டதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்வதும் அப்படியே நிற்கிறது. கில்லாடி!

வாரத்தொடர்:
எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நந்தினியையும் அந்த மதுராந்தகனையும் பெற்ற மந்தாகினி ஊமை, அவள் தங்கை வாணியும் ஊமை. ரகசியம் தெரிந்தவர்களுக்கு வாயே இல்லாவிட்டால் எழுதுகிறவருக்கு எவ்வளவு சௌகரியம்! 1950-இல் தொடங்கி 1954 வரை வந்த தொடர், வாசகரை இழுத்துப் பிடிக்க ஏதாவது வேண்டும்தான். 2023-இல் வந்த இரண்டாம் பாகப் படத்தில் மதுராந்தகன் ஒருவன்தான், குழந்தை மாறவே இல்லை. கதை நின்றா போய்விட்டது?

திருநல்லம்:
படம் ஓடியது, சரி. ஆனால் கையில் வந்த கிரீடத்தை அருள்மொழி ஏன் கொடுக்கிறான் என்பதற்கு அங்கே பெருந்தன்மை ஒன்றுதான் பதில். நாவலில் ஒரு தாயின் பழைய கணக்கும் சேர்ந்துகொள்கிறது. ஊமை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான். ஒருத்தி போதும்.

கொள்ளிடக்கரை:
அப்படியென்றால், குழந்தையை நெசவாளர் வீட்டில் விட்ட செவிலித்தாயைக் கதைக்கு நடுவில் கொண்டுவரப் போகிறேன். உண்மையைச் சொன்னால் அவள் சொந்த மகனின் காணி போய்விடும். இது எடுபடுமா?

திருநல்லம்:
எடுபடும், இப்போதுதான் கதைக்கு உயிர் வருகிறது. ஆனால் நெசவாளர் என்றதும் ஓட்டைக் குடிசை போட்டுவிடாதீர்கள். சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கும் உத்தம சோழரின் செப்பேட்டைப் பாருங்கள். காஞ்சி ஊரகத்துப் பெருமாள் கோயில் காரியத்தைப் பார்க்கும் பொறுப்பு பட்டுச்சாலியர் என்ற நெசவாளருக்கு இருந்திருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவன் அரண்மனைக்குப் போகத் துடிப்பானா என்ன? அதையும் உங்கள் அக்காவிடமே கேளுங்கள்.