பாலினேசியன் வில்லேஜ்: ஐலண்ட் டவர் வந்த பிறகும் அது கிராமம்தானா?

ஏரிக்கரைப் பயணி:

அனைவருக்கும் வணக்கம். புளோரிடாவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டில் என் மனத்துக்கு மிக நெருக்கமான விடுதி பாலினேசியன் வில்லேஜ் ரிசார்ட். 1971 அக்டோபர் 1 அன்று மேஜிக் கிங்டம் பூங்காவோடு சேர்ந்து திறக்கப்பட்ட இரண்டு விடுதிகளுள் அது ஒன்று. மற்றொன்றான கன்டெம்பரரி, மோனோரயிலையே தன் வயிற்றுக்குள் விட்டுக்கொள்ளும் பேருருவக் கட்டடம். பாலினேசியனோ மரங்களுக்கு மேலே தலை நீட்டாத நீள்வீடுகளின் கூட்டம். ஏரிக்கரையில் நின்று இவ்விரண்டையும் மாறி மாறிப் பார்ப்பதே எனக்குத் தனி இன்பமாக இருந்தது.

கடந்த பத்தாண்டுகளில் நடந்த மாற்றங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறேன். 2014இல் வரவேற்புக் கூடத்தின் நடுவே இருந்த பெரிய அருவியும் அதைச் சூழ்ந்த உள்தோட்டமும் அகற்றப்பட்டன. 2015இல் மூன்று நீள்வீடுகள், தங்கும் உரிமையைப் பல ஆண்டுகளுக்குப் புள்ளிகளாக விற்கும் டிஸ்னி வெக்கேஷன் கிளப்பின் டைம்ஷேர் அறைகளாக மாறியதோடு, ஏரி நீரின் மேலேயே 20 பங்களாக்கள் எழுந்தன. 2021இல் எஞ்சிய விடுதி அறைகள் மோவானா திரைப்படத்தின் வண்ணங்களோடு புதுப்பிக்கப்பட்டன. 2024 டிசம்பரில், லூவாவ் என்ற விருந்தும் ஆடல் பாடலும் சேர்ந்த நிகழ்ச்சி நடந்துவந்த இடத்தில் ஐலண்ட் டவர் என்ற பல அடுக்குக் கட்டடம் திறக்கப்பட்டது. அதுவும் முழுக்க முழுக்க டைம்ஷேர் கட்டடமே.

இவற்றுள் எதையும் தனியாக எடுத்துக்கொண்டால் என்னால் ஏற்றுக்கொள்ள முடிகிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான், புதுப்பித்தல் எங்கே முடிந்து வேறொன்றாக ஆக்குதல் எங்கே தொடங்கியது என்ற கேள்வி எழுகிறது. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். அங்கே புள்ளிகள் வாங்கலாமா என்று நானும் என் கணவரும் யோசித்துவருவதால், இது எங்களுக்கு வெறும் ரசனை சார்ந்த கேள்வி மட்டுமன்று.

அருவிக்கரை:

நீங்கள் அருவியிலிருந்து தொடங்கியது சரியான தொடக்கம், தோழி. வெளியே வெயிலில் நடந்துவந்து அந்தக் கதவைத் திறந்தவுடன் ஈரமான காற்றும் நீரின் ஓசையும் முகத்தில் மோதிய நொடியில், எந்த விளக்கப் பலகையும் இல்லாமலே நாம் வேறோர் இடத்துக்கு வந்துவிட்டதை உடல் உணர்ந்துகொண்டது. இப்போது அதே இடத்தில் பாலினேசியப் புராண நாயகன் மாவுயியின் சிலையுடன் ஒரு சிறிய நீரமைப்பு இருக்கிறது. கூடம் அகலமாகி, வெளிச்சமும் கூடி, உட்காருவதற்கு நிறைய இருக்கைகளும் வந்துவிட்டன. அழகான கூடம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் முன்பு அந்தக் கூடத்தின் பெரும்பகுதி எந்தப் பயனுக்கும் ஒதுக்கப்படாமல் செடிகளுக்கும் பாறைகளுக்கும் நீருக்குமே சொந்தமாக இருந்தது. அந்தத் தாராளம்தான் போய்விட்டது. ஒரு விடுதி தன் மிக முக்கியமான இடத்தை வெறும் அழகுக்காக விட்டுவைத்திருந்தது என்பதே அதன் பெருமையாக இருந்தது.

டவரைப் பொறுத்தவரை, கட்டடத்தின் உயரத்தைவிட அது எதன்மேல் நிற்கிறது என்பதே என்னை அதிகம் வருத்துகிறது. திறந்தவெளியில் பாலினேசிய ஆடல் பாடலும் தீக்கத்தி ஆட்டமும் நடந்த மேடை அங்கே இருந்தது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் மூடப்பட்ட அந்த நிகழ்ச்சி பிறகு திரும்பவே இல்லை. அந்தத் தீவுகளின் பண்பாட்டை மனிதர்களே நேரில் நிகழ்த்திக் காட்டிய இடம் அந்த விடுதி முழுவதிலும் அது ஒன்றுதான். சுவரில் அலை வடிவங்களைச் செதுக்கலாம், தீவுகளின் பெயர்களைக் கட்டடங்களுக்குச் சூட்டலாம். ஆடுகிறவர் ஒருவர் நம் முன்னே மூச்சுவாங்க நிற்பதற்கு அவை எதுவும் ஈடாகாது. டவரைக் கட்டிய பின், அதன் புல்வெளியிலோ கடற்கரை மணலிலோ ஒரு சிறிய மேடையையேனும் அமைத்திருக்கலாம் என்பதே என் ஆதங்கம்.

பழைய வரைபடம்:

அருவிக்கரை அவர்களின் உணர்வை முழுமையாக மதிக்கிறேன். லூவாவ் பற்றிய கருத்தில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆயினும், 1971இல் இருந்ததே மாறாத மூல வடிவம் என்று எடுத்துக்கொள்வதற்கு முன் அந்த விடுதியின் வரலாற்றையும் சற்றுப் பார்க்க வேண்டும்.

முதலாவதாக, அந்த நிலத்துக்காக வரையப்பட்ட தொடக்கக் காலத் திட்டங்களிலேயே ஓர் உயர்ந்த கோபுரக் கட்டடம் இருந்தது. தாழ்வான நீள்வீடுகள் என்ற எண்ணம் அதன் பிறகே உருப்பெற்றது. இரண்டாவதாக, நாம் கிராமம் என்று அன்போடு அழைக்கும் அந்த வீடுகள் யுஎஸ் ஸ்டீல் நிறுவனம் தொழிற்கூடத்தில் தயாரித்து, லாரியில் கொண்டுவந்து அடுக்கிய எஃகுச் சட்டகப் பெட்டி அறைகளால் ஆனவை. கன்டெம்பரரிக்கும் அதே முறைதான் பயன்பட்டது. அவ்வாறு அடுக்கிய பெட்டிகளைக் கிராமமாக மாற்றியவை சாய்ந்த கூரைகளும், அவற்றைவிட முக்கியமாக, பில் எவன்ஸ் தலைமையிலான குழு அந்த நிலமெங்கும் வளர்த்தெடுத்த தோட்டங்களும்தாம். மூன்றாவதாக, 1978இலும் 1985இலும் புதிய கட்டடங்கள் சேர்க்கப்பட்டன. இன்று நாம் பழமையானவை என்று நினைக்கும் சில நீள்வீடுகள் அந்த விரிவாக்கங்களில் வந்தவையே. வில்லேஜ் என்ற சொல்கூட இடையில் பெயரிலிருந்து நீங்கி, 2014இல்தான் மீண்டும் சேர்ந்தது.

ஆகவே விரிவாக்கம் என்பதே துரோகம் ஆகாது. என் குறை வேறு. பழைய விரிவாக்கங்களில் புதிய கட்டடம் பழையவற்றின் அளவுக்கும் சாய்கூரைக்கும் பணிந்து நின்றது, அவற்றுக்கு இடையிலான பாதைகள் மரங்களுக்குள் வளைந்து சென்றன. டவரோ தட்டையான முகப்போடு தன்னைத் தனியாக அறிவித்துக்கொள்கிறது. ஏரியின் மறுகரையிலிருந்து பார்க்கும்போது அது பாலினேசியனுக்கும் கிராண்ட் புளோரிடியனுக்கும் இடையில் மூன்றாவது விடுதிபோலத் தோன்றுகிறது. அதன் நிறமும் பால்கனிகளின் ஒழுங்கும் எந்த ஊர்க் கடற்கரையிலும் பொருந்தும், அதனால்தான் இந்தக் கரைக்கு உரியதாகத் தோன்றவில்லை. அகத்தே நுழைந்தால் நிலைமை மேலானது என்பதையும் சொல்லியாக வேண்டும். பாலினேசிய ஓவியங்களும் மரவேலையும் கொண்ட அதன் உட்புறத்தில் உண்மையான அக்கறை தெரிகிறது.

பங்களாக்களைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. நான் அவற்றையே பெரிய பிழை என்று கருதுகிறேன். நீரின் மேல் கூரை வேய்ந்த வீடுகள் பாலினேசியாவின் படங்களில் அனைவரும் கண்டவை என்பதால், கருப்பொருளுக்கு அவை மிகப் பொருத்தமானவை. ஆனால் 20 குடும்பங்களுக்குக் கிடைக்கும் அந்தக் காட்சிக்காக, மணலில் நாற்காலி போட்டு அமர்ந்து மேஜிக் கிங்டம் கோட்டையையும் ஏரியையும் பார்த்துக்கொண்டிருந்த மற்ற அனைவரின் அடிவானமும் துண்டாடப்பட்டது. 1971 அக்டோபரிலிருந்து அந்த ஏரியில் இரவுதோறும் மிதந்துவரும் மின்விளக்கு ஊர்வலத்தைக் காண்பவர்கள் இப்போது வீடுகளுக்கு இடையே உள்ள இடைவெளிகளில் கண்ணைச் செலுத்த வேண்டியிருக்கிறது. மரங்கள் வளர்ந்து டவரை ஒருநாள் ஓரளவு மறைக்கக்கூடும், பங்களாக்களை எதுவும் மறைக்காது.

புள்ளிக்கணக்கு:

கேள்வி கேட்ட அம்மையார் புள்ளிகள் வாங்குவது பற்றியும் குறிப்பிட்டிருப்பதால் அந்தப் பகுதிக்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

டவர் கட்டப்பட்டபோது உறுப்பினர்களிடையே எழுந்த பெரிய விவாதம் அதன் தோற்றத்தைப் பற்றியதன்று, அது தனி உரிமையாளர் சங்கமாக விற்கப்படுமா, 2015இல் தொடங்கிய சங்கத்தோடே இணைக்கப்படுமா என்பதே. இறுதியில் இணைக்கப்பட்டது. இதனால் மூன்று விளைவுகள் உண்டு. டவருக்கென்று இன்று வாங்கினாலும் ஒப்பந்தம் 2066 ஜனவரி 31 அன்றே முடிந்து, உரிமை நிறுவனத்திடம் திரும்பிவிடும். பழைய நீள்வீட்டு ஸ்டுடியோ, பங்களா, டவர் ஆகிய அனைத்தையும் இந்த விடுதியின் உரிமையாளர்கள் எல்லாரும் 11 மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யலாம். மற்ற விடுதிகளின் உரிமையாளர்கள் தங்கும் நாளுக்கு 7 மாதங்கள் இருக்கும்வரை காத்திருக்க வேண்டும். மறுவிற்பனையில், அதாவது ஏற்கெனவே உள்ள உறுப்பினரிடமிருந்து, வாங்குவோருக்கு இன்னும் முக்கியமான ஒன்று: 2019 ஜனவரி 19 முதல் மறுவிற்பனையில் வாங்கிய பழைய விடுதிகளின் புள்ளிகளை ரிவியரா போன்ற புதிய விடுதிகளில் பயன்படுத்த முடியாது. டவர் பழைய சங்கத்தின் பகுதி என்பதால் அந்தத் தடை இங்கே பொருந்துவதில்லை. மறுவிற்பனையில் வாங்குவோருக்கு இது எதிர்பாராத நன்மையாக அமைந்தது.

அதே நேரத்தில், பழைய ஸ்டுடியோக்களை விரும்புவோருக்கு இது நெருக்கடியைத் தரக்கூடும். இரண்டு குளியல் பகுதிகளும் ஐந்து பேர் தங்கும் வசதியும் கொண்ட அந்த 360 ஸ்டுடியோக்களே பெரிய வரவேற்பைப் பெற்றவை. டவரைப் பார்த்து வாங்கியவர்களும் இப்போது அவற்றுக்கு அதே 11 மாதக் கதவில் நிற்கிறார்கள். கணக்கின்படி டவரின் அறைகளுக்கு நிகரான புள்ளிகளே புதிதாக விற்கப்படுகின்றன, ஆகவே மொத்தத்தில் பற்றாக்குறை இல்லை. ஆனால் ஆசை அறைகளுக்கிடையே சமமாகப் பங்கிடப்படுவதில்லை அல்லவா? மறுபக்கத்தில், ஒரு படுக்கையறை வில்லா இந்த விடுதியில் டவர் வரும்வரை இருந்ததே இல்லை. இரண்டு படுக்கையறையும் பங்களாக்களில் மட்டுமே இருந்தது. சமையலறை வேண்டும் என்று கேட்ட குடும்பங்களுக்கும், இருவர் மட்டும் தங்கும் சிறிய டுவோ ஸ்டுடியோ போதும் என்பவர்களுக்கும் டவரே விடை.

விரிவாக்கம் ஏன் எப்போதும் டைம்ஷேராகவே வருகிறது என்பதையும் புரிந்துகொண்டால் கோபம் சற்றுத் தணியும். விடுதி அறையைக் கட்டினால் நிறுவனம் முதலீட்டை இரவு இரவாகத் திரும்பப் பெற வேண்டும், பராமரிப்பையும் தானே ஏற்க வேண்டும். புள்ளிகளாக விற்றால் கட்டுமானச் செலவு விற்பனையின்போதே திரும்பிவிடுகிறது, பராமரிப்பும் எதிர்காலப் புதுப்பிப்புக்கான சேமநிதியும் உரிமையாளர்களின் ஆண்டுக் கட்டணத்திலிருந்து வருகின்றன. 2009இல் கன்டெம்பரரியின் பக்கவாட்டுக் கட்டடம் இருந்த இடத்தில் வந்த பே லேக் டவரும், 2017இல் வில்டர்னஸ் லாட்ஜின் ஒரு பகுதியை மாற்றி அமைத்த காப்பர் க்ரீக்கும், 2022இல் கிராண்ட் புளோரிடியனில் ஒரு முழுக் கட்டடம் மாற்றப்பட்டதும் இதே கணக்கின் விளைவுகளே.

எதை வாங்கினாலும் புளோரிடாச் சட்டப்படி கையெழுத்திட்ட பின்பும் 10 நாட்களுக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. அந்த நாட்களில் ஆவணங்களை முழுமையாகப் படியுங்கள்.

ஏரிக்கரைப் பயணி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பழைய வரைபடம் ஐயா சொன்ன எஃகுப் பெட்டிகளின் செய்தி என்னை வெகுநேரம் சிந்திக்க வைத்தது. அப்படியானால் நான் நேசித்தது கட்டடத்தையன்று, அதை மறைத்த தோட்டத்தையும், வளைந்து செல்லும் பாதைகளையும், எந்தக் கூரையும் என்னைக் குனிந்து பார்க்காத அந்த அளவையுமே. டவர் குறித்த என் சங்கடம் எங்கிருந்து வருகிறது என்பது இப்போதுதான் எனக்கே தெளிவாகிறது.

புள்ளிக்கணக்கு ஐயாவிடம் ஒரு நடைமுறைக் கேள்வி. என் மாமியாருக்கு அதிக தூரம் நடப்பது கடினம். டவரிலிருந்து மோனோரயிலுக்குச் செல்வது எப்படி இருக்கும்?

புள்ளிக்கணக்கு:

டவருக்கென்று தனி நிலையம் கிடையாது. நிலையம் வரவேற்புக் கட்டடமான கிரேட் செரிமோனியல் ஹவுஸின் மாடியில் இருக்கிறது. டவர் கிராண்ட் புளோரிடியனை ஒட்டிய மேற்கு ஓரத்தில் இருப்பதால், அங்கிருந்து நிலையத்துக்கு நடக்கத்தான் வேண்டும். எப்காட் செல்லும் மோனோரயிலைப் பிடிக்கும் போக்குவரத்து மையமோ விடுதியின் எதிர் ஓரத்துக்கு அப்பால் உள்ளது. டோகலாவ், மூரேயா, பாகோ பாகோ ஆகிய டைம்ஷேர் நீள்வீடுகள் அந்த மையத்துக்கு நெருக்கமானவை. மூத்தவர் உடன் வருகிறார் என்றால் பழைய ஸ்டுடியோவையே பதிவு செய்யுங்கள். நடக்கக்கூடியவர்களுக்கு மட்டும் டவரின் இருப்பிடம் ஒரு வகையில் வாய்ப்பாகும்: கிராண்ட் புளோரிடியனைக் கடந்து மேஜிக் கிங்டம் வரை செல்லும் நடைபாதை 2020இல் திறக்கப்பட்டது, எந்த வண்டிக்கும் காத்திருக்காமல் பூங்காவின் வாயிலை அடையலாம்.

அருவிக்கரை:

தோழி, வாங்குவதற்கு முன் ஓர் உறுப்பினரிடமிருந்து புள்ளிகளை வாடகைக்குப் பெற்று, இரண்டு இரவுகள் நீள்வீட்டிலும் இரண்டு இரவுகள் டவரிலும் தங்கிப் பாருங்கள். மாலையில் விளக்குகள் ஏற்றப்பட்ட பிறகு, டவரிலிருந்து பழைய வீடுகளை நோக்கி நடக்கும் பாதையில் மரங்கள் நெருங்கத் தொடங்கும் இடம் ஒன்று வரும். அங்கே உங்கள் நடை தானாகவே மெதுவாகிறதா என்று கவனித்து, இங்கே வந்து எழுதுங்கள்.